வயல் வரம்பில் ஒரு கல்விக்கூடம்

முன்னேஸ்வரம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் கைகள் தாமாகவே குவியும். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியிருக்கும் அத்தலத்தில், ஆவணித் திருவிழாக் காலத்தில் தமிழரும் சிங்களவருமாகத் திரளும் கூட்டத்தை நேரில் கண்டவர் நம் வாசகர்களிற் பலர் இருப்பர். ஆயின், சிலாபத்திலிருந்து சிறிது தொலைவு கிழக்கே வந்து கோயிலைத் தொழுது திரும்பும் அவ்வளவு பேரில், குளக்கட்டின்மேல் ஏறி நின்று அப்பால் விரியும் வயல்வெளியை நோக்கியவர் எத்தனை பேர்? தேரையும் திருவிழாவையும் நெடுங்காலம் தாங்கி வந்தது அந்த வயலேயன்றோ!

கோட்டேயிலிருந்து அரசாண்ட 6 ஆம் பராக்கிரமபாகு 15 ஆம் நூற்றாண்டில் இக்கோயிலுக்கு நிலம் வழங்கியதைக் கல்வெட்டுக் கூறுகின்றது. போர்த்துக்கேயர் 1578 இல் கோயிலை இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753 இல் அதனை மீள எடுப்பித்து மானியமும் அளித்தான். கொடுத்த மன்னன் யார், பெற்ற அந்தணர் யார் என்பனவெல்லாம் எழுதப்பட்டன. அந்நிலத்தை உழுதவன் யார், அவனுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு, மழை பொய்த்த ஆண்டில் அவன் வீட்டில் உலை எரிந்ததா என்பன எழுதப்படவில்லை. பழைய பட்டயங்களை இதற்காக நாம் குறைகூற வேண்டுவதில்லை. அவற்றின் வேலை அதுவன்று.

அந்த வேலையையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒரு கல்வித்துறை உண்டு. கமக்காரர் சமூகங்களை நேரிற் சென்று ஆராய்வதும், அரசாங்கத்தின் விவசாயக் கொள்கை அவர்கள் வரம்புவரை வந்து சேரும்போது என்ன உருக்கொள்கின்றது என்று கண்டு கூறுவதுமே அத்துறையாகும். "படித்துப் பட்டம் பெற்று மறுபடியும் வயலுக்கா போகப் போகிறாய்?" என்று பெற்றோர் வினவுவது இயல்பு. அவ்வினாவுக்கு விடையாக, இலங்கை வயல்களிலே தம் கல்வியைப் பெற்ற அறிஞர் சிலரின் வரலாற்றை நாம் இங்கே கூறப் புகுகின்றோம்.

இத்துறைக்கு நம் பகுதியிலேயே ஒரு முன்னோடி இருந்தார். கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் தொகுத்து நூலாக வெளியிட்டார். பின்னாளில் சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். எனினும் அவர் செய்தது ஊர்களைத் தொகுத்தல். ஓர் ஊருக்குள் புகுந்து மாதக்கணக்கில் குந்தியிருந்து, வீடு வீடாக, வயல் வயலாகக் கேட்டெழுதும் முறை அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழிந்தே இலங்கையில் வேரூன்றியது.

அம்முறையின் சிறந்த உதாரணமாக அறிஞர் இன்றும் எடுத்துக்காட்டுவது அநுராதபுரப் பகுதியிலுள்ள புல்எலிய என்னும் சிற்றூரை. நூற்றைம்பது பேருக்கும் குறைவானோர் வாழ்ந்த அவ்வூருக்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் லீச் 1954 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். அவர் முதலிற் கற்றது பொறியியல். பின்னரே மானிடவியலுக்குத் திரும்பினார். ஆகவே வாய்க்காலையும் மதகையும் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. ஊராரின் உறவுமுறைகளை விசாரித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால வரிப்பதிவுகளையும் பழைய நில வரைபடங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயற்றுண்டும் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று தொடர்ந்து சென்றார்.

அங்கே அவர் கண்டதை நம் மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். புல்எலியவில் ஒருவனுடைய வயலை ஏக்கர்க் கணக்கில் கூறுவதில்லை. 'பங்கு' என்றே கூறினர். ஆம், நம் தமிழ்ச் சொல்லேதான்! பங்கென்பது நிலத்தின் பரப்பை மட்டுமன்றி, குளத்து நீரில் ஒருவனுக்குள்ள உரிமையையும், கட்டைத் திருத்தவும் வேலி அடைக்கவும் அவன் கொடுக்க வேண்டிய உழைப்பையும் சேர்த்தே குறித்தது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் பதித்து, அவரவர் பங்குக்கு ஏற்ற அகலத்தில் அதில் வாய் வெட்டியிருந்தனர். நீர் தானாகவே கணக்குப்படி பிரிந்து ஓடியது. அளவுகோலும் நீதிமன்றமும் அந்த ஒரு கட்டைக்குள் அடங்கியிருந்தன எனலாம்.

இன்னும் வியப்புக்குரியது 'பெத்ம' எனப்படும் வழக்கம். குளத்தில் நீர் குறைந்த காலத்தில், எல்லா வயலையும் விதைத்து எல்லாவற்றையும் காயவிடுவதற்குப் பதிலாக, குளத்துக்கு அண்மையான ஒரு பகுதியை மட்டுமே பயிரிடுவதென்று ஊர் கூடித் தீர்மானிக்கும். அந்தப் பகுதி யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு அப்போகத்துக்கு ஒத்திவைக்கப்படும். பங்குடையோர் அனைவருக்கும் அவரவர் பங்கின் விகிதப்படி அதில் இடம் பிரித்துக் கொடுக்கப்படும். கடைமடைக்காரன் தலைமடையில் வந்து விதைப்பான். தலைமடைக்காரன் தன் வயலில் மற்றவனுக்கு இடம் விடுவான். இது எந்த அரசாங்கக் கந்தோரிலும் வரைந்த திட்டமன்று.

லீச் 1961 இல் வெளியிட்ட நூல் உறவுமுறை பற்றிய கோட்பாட்டையே அசைத்தது. சாதிசனம், கொடுக்கல் வாங்கல் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் நிலத்தையும் நீரையும் பற்றிய பேச்சே என்று அவர் வாதித்தார். அதை முற்றாக ஏற்காத அறிஞரும் பலர். நமக்கும் அது சற்று மிகையாகவே தோன்றுகின்றது. வயற் பங்குக்காக மட்டுமா நம்மவர் கலியாணம் பேசுகின்றனர்? ஆயினும் குளத்தையும் வாய்க்காலையும் விலக்கி வைத்துக் கிராமத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பதை அந்நூலின் பின் யாரும் மறுக்கத் துணிந்ததில்லை.

நிற்க. புல்எலிய தன் குளத்தைத் தானே ஆண்ட பழைய ஊர். அரசாங்கம் புதிதாகக் காடு வெட்டி ஊர் அமைத்தால் என்ன நிகழும் என்பது வேறொரு வினா. அதனை ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். பார்மர். அவருடைய பெயருக்கே ஆங்கிலத்தில் கமக்காரர் என்று பொருள். உலர் வலயத்துக் குடியேற்றங்களைச் சுற்றிப் பார்த்து ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் 1957 இல் வெளிவந்தது. அக்காலத்திலேயே இலங்கை அரசாங்கம் அமைத்த காணி ஆணைக்குழுவிலும் அவர் ஓர் உறுப்பினராக இருந்தார். ஆய்வாளரின் குறிப்பேடு ஆட்சியாளரின் மேசைக்குச் சென்றதற்கு அது நல்ல சான்று.

குடியேற்றத் திட்டங்களுக்கு அடிப்படையாயிருந்தது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம். நிலம் துண்டுபட்டுப் போகலாகாது என்ற நல்ல நோக்கத்தோடு, குடியேறியவன் தன் காணிக்கு ஒரே வாரிசை நியமிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. காகிதத்தில் இதில் குறையொன்றும் தெரியாது. ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் போய்க் கேட்டால்தான் தெரியும். ஒருவனுக்குக் காணி, மற்ற ஐவருக்கும்? முதல் தலைமுறையில் நிலமற்றவனுக்கு நிலம் கொடுத்த சட்டமே இரண்டாம் தலைமுறையில் நிலமற்றவரை உண்டாக்கலாயிற்று.

இனி, நம்மவர் ஒருவரைப் பற்றிக் கூறுவோம். ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா 1929 இல் பிறந்த இலங்கைத் தமிழர். 1951 இல், அந்நாளில் இலங்கைச் சர்வகலாசாலை எனப்பட்ட கல்விக்கூடத்தில் பட்டம் பெற்று, 1954 இல் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். தாயகம் திரும்பிச் சமூகவியல் விரிவுரையாளராக அமர்ந்தார். பொருளியலறிஞர் என். கே. சர்க்காருடன் சேர்ந்து, கண்டிக்கு அண்மையிலுள்ள பாததும்பறைக் கிராமங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1957 இல் வெளிவந்தது. 'சிதைந்துவரும் கிராமம்' என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தனர். வயல் துண்டு துண்டாகப் பிரிந்தது; நிலமில்லாதோர் பெருகினர்; கிராமத்தைச் சூழ்ந்த தோட்டங்களால் ஊர் விரிவதற்கு இடமில்லை. பழைய கிராமம் தன்னிறைவோடும் ஒற்றுமையோடும் வாழ்கின்றது என்று மேடைகளில் பேசிவந்த காலம் அது. வீடு வீடாக எண்ணிக் கணக்கிட்டவர்களுக்கு அவ்விதம் பேச முடியவில்லை.

அவ்வறிக்கை வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், தம்பையா தம் மாணவர் குழுவொன்றுடன் கல்லோயாப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். நம் கிழக்கிலங்கைத் தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்குவது அவ்வாற்றையே. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ், இங்கினியாகலையில் அணை கட்டிப் பெருங்குளம் அமைத்து, பல்லாயிரம் குடும்பங்களை அங்கே குடியேற்றினர். குடியேறியோரில் பெரும்பான்மையினர் சிங்களவர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக வயல் செய்துவந்தனர். புதிய குடியேற்றவாசிகளின் வாழ்க்கையை ஆராய்வதே தம்பையா குழுவினரின் நோக்கம்.

1956 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. கொழும்பில் மூண்ட கலவரம் கல்லோயாவுக்கும் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பதே பொதுவான மதிப்பீடு. அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். ஏக்கரும் விளைச்சலும் கடனும் பற்றிய வினாக்களை எழுதிக்கொண்டு சென்ற இளம் தமிழ் விரிவுரையாளர், சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் கலந்த குழுவோடு அந்தக் கலவரத்தின் நடுவே அகப்பட்டார். ஆபத்திலிருந்து மீண்டபின், தாம் கண்டதைச் சர்வகலாசாலைக்கு எழுத்தில் அறிவித்தார். கிராமிய விவசாய ஆய்வு நூலகத்துக்குள் நடக்கும் பத்திரமான தொழில் என்று எவரேனும் எண்ணினால், இந்த ஒரு செய்தி போதும்.

1960 இல் அவர் யுனெஸ்கோ நிபுணராகத் தாய்லாந்துக்குப் போனார். அந்நாட்டின் வடகிழக்கே நெல் விளைவிக்கும் ஒரு கிராமத்தில், புத்த பிக்குவின் வழிபாடும் ஊர்த் தெய்வத்தின் சடங்கும் பயிரின் பருவங்களோடு எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்து 1970 இல் நூல் செய்தார். பின்னர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, 1976 முதல் ஹார்வர்ட் எனப் புகழ்பெற்ற இடங்களிற் கற்பித்தார். 1997 இல் பல்சான் பரிசு அவரை வந்தடைந்தது. இலங்கையின் இனப்பிணக்கைப் பற்றி 1986 தொடக்கம் அவர் எழுதிய நூல்களில், கல்லோயாவில் கண்டதும் இடம்பெற்றது. புல்எலியவை ஆராய்ந்த லீச்சின் வாழ்க்கை வரலாற்றை 2002 இல் எழுதியவரும் அவரே. 2014 இல் அவர் மறைந்தார். தாய்லாந்துக்குக் கிடைத்தது நம் நாட்டுக்குக் கிடைக்கவில்லையே என்ற எண்ணம் நமக்கு எழாமல் இல்லை. அவர் தாய்லாந்துக் கிராமத்திற் கேட்ட வினா முன்னேஸ்வரத்துக்கும் முழுக்கப் பொருந்தும். ஆவணித் திருவிழா முடிந்தபின் பெரும்போக மழையை எதிர்நோக்கும் கமக்காரன், தமிழனாயினும் சிங்களவனாயினும், ஈசன் முன்னும் காளி முன்னும் ஐயனார் முன்னும் எதனை வேண்டி நிற்கிறான்? முன்னேஸ்வரத்து வழிபாட்டைப் பற்றி மானிடவியலறிஞர் ரொஹான் பஸ்டின் 2002 இல் ஒரு விரிவான நூல் வெளியிட்டுள்ளார். வயலிலிருந்து கோயிலை நோக்க விரும்பும் மாணவனுக்கு அது நல்ல துணையாகும்.

பார்மரை மீண்டும் சந்திப்போம். 1970-களின் தொடக்கத்தில் 'பசுமைப் புரட்சி' என்ற சொல் எங்கும் முழங்கிற்று. புதிய நெல்லினங்கள் வந்துவிட்டன. இனிப் பஞ்சமில்லை என்றனர். பார்மரின் தலைமையில் இந்திய, இலங்கை, பிரித்தானிய ஆய்வாளர் ஒரு குழுவாகத் தமிழ்நாட்டின் வடஆர்க்காடு மாவட்டத்திலும் இலங்கையின் அம்பாந்தோட்டை மாவட்டத்திலும் கிராமம் கிராமமாக ஆராய்ந்தனர். 1977 இல் வெளிவந்த நூலின் தலைப்பில் 'பசுமைப் புரட்சி' என்பதன் பின் ஒரு வினாக்குறியை இட்டனர்! வடஆர்க்காட்டில் புதிய நெல் பயிராகும் பரப்பென்று அரசாங்கக் கணக்குக் கூறியது மிகப் பெரிது. ஆய்வாளர் வயலில் எண்ணிக் கண்டதோ அதனினும் மிகச் சிறிது. பொய் எழுதவேண்டுமென்று யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. மேலதிகாரி ஓர் இலக்கை விதித்தால், கீழுள்ளவர் அதற்கிசையக் கணக்கு எழுதுவது அலுவலக வழக்கம்.

அக்குழுவிலிருந்த ரொபேட் சேம்பர்ஸ் பின்னர் 1983 இல் எழுதிய நூலொன்றில், ஆய்வாளரின் கண்ணை மறைக்கும் சாய்வுகளை எடுத்துக்காட்டினார். தார்ச்சாலையோரம் உள்ளதையே காண்பர். மழையற்ற, பயணத்துக்கு இனிய காலத்திலேயே வருவர். ஊர்ப் பெரியவரோடும் ஆண்களோடும் பேசித் திரும்புவர். முன்னேஸ்வரத்துக்கு வரும் ஆய்வாளன் எவனும் இதனை மனத்திலிருத்துவானாக. பிரதான வீதியில் வாகனத்தில் வந்தால் தென்னந்தோப்பும் கோபுரமும் தெரியும். கடைமடையிலுள்ள குத்தகைக்காரனையும் நாற்று நடும் பெண்களையும் காண இறங்கி நடக்கவேண்டும், அதுவும் மழைக்காலத்தில்.

இப்போது மறுபடியும் கல்லோயா. 1956 இல் குருதி சிந்திய அதே பள்ளத்தாக்கின் இடதுகரைப் பகுதி, 1980 அளவில் நீர்ப்பாசனத்தில் மிகச் சீர்கெட்ட இடமெனப் பெயரெடுத்திருந்தது. வாய்க்கால்கள் உடைந்து கிடந்தன. தலைமடையில் உள்ளோர் வேண்டுமளவு நீரை எடுத்துக்கொள்ள, கடைமடையில் உள்ளோர் வானத்தைப் பார்த்திருந்தனர். தலைமடையிற் பெரும்பாலும் சிங்களவர், கடைமடையிற் பலர் தமிழ் பேசுவோர் என்பதையும் சேர்த்து எண்ணுக. 1972 இல் கொழும்பில் நிறுவப்பட்ட கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹொப் முதலியோரும் சேர்ந்து அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினர். வேலையின்றியிருந்த இளம் பட்டதாரிகளை, அதிலும் கமக்காரக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றி, 1981 இல் ஊர்களுக்கு அனுப்பினர். அவர்கள் அங்கேயே தங்கினர். ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துப் பேசவைப்பதே அவர்கள் வேலை. சங்கம், தலைவர், முத்திரை ஒன்றும் முதலில் இல்லை. முதலில் வாய்க்காலைத் துப்புரவு செய்வோம், பிறகு முறைவைத்து நீர் விடுவோம் என்றே தொடங்கிற்று. அவ்வாண்டுச் சிறுபோகத்தின் ஆரம்பத்தில் பெருங்குளத்தில் நீர் மிகக் குறைவு. அதுவே மக்களை ஒன்றுசேர்த்தது என அப்ஹொப் 1992 இல் எழுதிய நூலில் விவரிக்கின்றார். தலைமடைக்காரர் மிச்சம்பிடித்த நீர் கடைமடைக்குச் சென்றது.

அந்த ஒழுங்கு வெளியார் போனபின்னும் நிலைத்ததா என்பதே உண்மையான சோதனை. 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், நெல் விதைக்கப் போதிய நீர் இல்லையென்று அதிகாரிகள் தெரிவித்தனர். கமக்காரர் அமைப்புகள் கூடிப் பேசி, இருக்கும் நீரைச் சமமாகப் பகிர்ந்து, இடதுகரையின் ஏறத்தாழ 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு, வழக்கத்தினும் நல்ல விளைச்சலைக் கண்டன. நாட்டில் போர் மூண்டிருந்த காலம் அது. மேற்பகுதிச் சிங்களக் கமக்காரர் கீழ்ப்பகுதித் தமிழ் பேசும் கமக்காரருக்கு நீர் போய்ச்சேர விட்டனர். இதனைப் படிக்கும்போது நமக்குப் புல்எலியவின் மரக்கட்டை நினைவுக்கு வருகின்றது.

ஆராய்ச்சியைக் கேளாத கொள்கைக்கும் அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்தது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை கூடாதென்று யாரும் கூறவில்லை. ஒரே போகத்தில் மாறிவிட முடியாது என்றே பல்கலைக்கழக விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தனர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் பெரும்போகப் பயிருக்கு அது காலங்கடந்த செயல். 2022 இல் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. அரிசி விலையில் அதனை அறியாத குடும்பம் இலங்கையில் இராது.

இத்துறையிற் செல்ல விரும்பும் மாணவருக்கு வழிகள் பல உள. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் விவசாய பீடங்கள் இருக்கின்றன. சிலாபப் பகுதியாருக்கு அண்மையில், மாகந்துரையில் வயம்பப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிலையம் உண்டு. மேலே கூறிய கமநல ஆராய்ச்சி நிலையம் இன்று ஹெக்டர் கொப்பேகடுவையின் பெயரைத் தாங்கிக் கொழும்பில் இயங்குகின்றது. பொருளியல், சமூகவியல், புவியியல் ஆகியவற்றில் எதைப் படித்தவரும் இதற்குள் வரலாம். தமிழோடு சிங்களமும் பேசத் தெரிந்திருத்தல் பெரும்பேறு. முன்னேஸ்வரத்துப் பிள்ளைகளிற் பலருக்கு அது இயல்பாகவே வாய்த்துள்ளது. ஊதியம் வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் நிகராக இராது என்பதைப் பெற்றோருக்கு மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம்.

தொடங்குவதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர், குளத்து நீரில் பயிர்செய்யும் ஊர்களில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறும். எந்த நாளில் மதகு திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, எந்த இனநெல், வேலி எப்போது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பன அங்கேதான் தீர்மானமாகும். யார் முன்வரிசையில் அமர்கின்றனர், யார் பேசுகின்றனர், யார் வாய்திறவாமல் வேலியோரம் நிற்கின்றனர், தீர்மானித்த நாளில் மதகு திறந்ததா, கடைமடைக்கு நீர் எத்தனையாம் நாள் வந்தது என்று ஒரு பாடசாலைக் கொப்பியிற் குறித்துக்கொண்டு வரலாம். அதற்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்குத் தந்தையாரோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.